முருங்கைக்கீரையும் டீசல் எஞ்சினும்



வீட்டில் வெண்ணெய் உருக்கும்போது பெரியவர்கள் கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கீரை சடசடவென்று பொரியும். வீடு முழுவதும் நெய் மணக்கும். பொரிந்த கீரைக்கு அண்ணனும் தங்கையும் போட்டி போடுவார்கள். "ஏன் பாட்டி கீரை போடுகிறீர்கள்?" என்று கேட்டால், "வாசனைக்குத்தான், நெய்யும் சீக்கிரம் கெடாது" என்று பதில் வரும்.

அந்தப் பதிலின் பின்பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொழுப்பு கெடாமல் இருக்க ஒரு செடியின் இலையைச் சேர்ப்பது நம் அடுக்களை கண்ட வழி. அதே வழியைக் கழிவு எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசலிலும் கையாளலாமா என்று இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்கள் சோதித்து வருகின்றன. ரோஸ்மேரி, இஞ்சி, மஞ்சளில் உள்ள குர்க்குமின், தேயிலை, முருங்கை இலை எனப் பல பொருள்களின் சாறுகள் இச்சோதனைகளில் இடம்பெற்றுள்ளன. "செடியின் சாற்றைச் சேர்த்தால் போதும், கழிவு எண்ணெய் நல்ல டீசலாகிவிடும்" என்ற பேச்சும் கூடவே எழுந்திருக்கிறது. அறிவியல் கண்காட்சிகளில் இப்படி எழுதிய அட்டைகளையும் காண்கிறோம். இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

மூன்று வழிகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் மூக்கண்டப்பள்ளி இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த இடம். இன்னும் சில கிலோமீட்டர் சென்றால் கர்நாடக எல்லை. லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகும் வட்டாரம் இது. ஆலைகள் இரவு பகலாக ஓடுகின்றன. ஷிப்டு முடிந்து வருவோருக்குப் பசி எடுக்கும். ஆலைக் கேண்டீன்கள், விடுதிகள், சாலையோர பஜ்ஜிக் கடைகள் எங்கும் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டே இருக்கும்.

பஜ்ஜி, வடை, பூரி பொரித்து முடித்தபின் சட்டியின் அடியில் கறுத்துக் குழகுழவென்று எண்ணெய் மிஞ்சுகிறது. அதற்கு மூன்று வழிகள்தாம் உண்டு. ஒன்று, மறுநாள் புது எண்ணெயோடு கலந்து மறுபடியும் சட்டிக்கே போவது. அல்லது மலிவு விலைக்கு வேறொரு சிறு கடைக்குப் போய் வேறொருவர் வயிற்றில் சேர்வது. இரண்டு, சாக்கடையில் ஊற்றப்படுவது. மூன்று, எரிபொருளாவது.

முதல் வழி உடலுக்குக் கேடு. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் என்னும் சிதைவுப் பொருள்கள் பெருகுகின்றன. இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்னும் விதி 2018 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. இரண்டாம் வழியும் நல்லதன்று. சாக்கடைக் குழாயில் கொழுப்பு உறைந்து கல்லாகிவிடும். 2017-இல் லண்டன் மாநகரின் வைட்சேப்பல் பகுதியில் சுமார் 130 டன் எடையும் 250 மீட்டர் நீளமும் உள்ள கொழுப்புக் கட்டி ஒன்று சாக்கடையை அடைத்து நின்றது. அதில் ஒரு பகுதியையும் பின்னர் பயோடீசலாக்கினார்கள்.

மூன்றாம் வழியை ஊக்குவிக்கவே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஆகஸ்ட் 10-ஆம் நாள், உலக உயிரி எரிபொருள் தினத்தன்று, 'ரூகோ' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பயன்படுத்திய எண்ணெயைக் கடைகளிலிருந்து சேகரித்துப் பயோடீசல் ஆலைகளுக்கு அனுப்புவது இதன் நோக்கம். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் நிறுவனங்கள் அதற்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது.

எண்ணெய் டீசலாவது எப்படி?

தாவர எண்ணெயில் எஞ்சின் ஓட்டுவது புதிய செய்தியன்று. 1900-இல் பாரிஸ் நகரில் நடந்த பொருட்காட்சியில் ருடால்ஃப் டீசல் கண்டுபிடித்த வகை எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. அப்படியானால் பஜ்ஜிச் சட்டியின் எண்ணெயை வடிகட்டி நேரே லாரியில் ஊற்றலாமே என்று கேட்பீர்கள்.

ஊற்றினால் எஞ்சின் சிறிது காலம் ஓடும், பிறகு படுத்துவிடும். காரணம் பாகுநிலை. 40 டிகிரி செல்சியசில் டீசலின் பாகுநிலை ஏறத்தாழ 2 முதல் 4.5 சென்டிஸ்டோக். சமையல் எண்ணெய்க்கு அது 30 முதல் 40 வரை இருக்கும். இவ்வளவு கெட்டியான திரவம் எஞ்சினின் நுண்துளைகள் வழியே பனிபோல் சிதறாது. பெரிய துளிகளாக விழும், அரைகுறையாக எரியும், கரி படியும்.

ஆகவே எண்ணெய் மூலக்கூற்றை உடைக்க வேண்டும். அது மூன்று பல் உள்ள சீப்புப் போன்றது. கிளிசரால் என்பது சீப்பின் தண்டு. மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் அதன் பற்கள். மெத்தனாலையும் ஒரு காரத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் பற்கள் தண்டை விட்டுப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு மெத்தனால் மூலக்கூற்றுடன் சேர்ந்து மெத்தில் எஸ்டராகிறது. இதுவே பயோடீசல். இங்கே காரம் வினையூக்கி மட்டுமே. சுமார் 100 கிலோ எண்ணெய்க்கு 11 கிலோ மெத்தனால் செலவாகும். ஏறத்தாழ 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ அளவில் கிளிசராலும் கிடைக்கும். பாகுநிலை 4 அல்லது 5-க்கு இறங்கிவிடும்.

கழிவு எண்ணெயில் ஒரு சிக்கல் உண்டு. பொரிக்கும்போது மாவிலுள்ள நீர் எண்ணெயைத் தாக்கிச் சில பற்களை முன்பே பிய்த்துவிடுகிறது. இவ்வாறு தனித்த கொழுப்பு அமிலங்கள் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். எனவே ஆலையில் முதலில் கந்தக அமிலத்தைக் கொண்டு அவற்றை எஸ்டராக்கிவிட்டுப் பிறகுதான் காரத்தைச் சேர்ப்பார்கள்.

இப்படிச் செய்த பயோடீசலில் கந்தகம் மிகக் குறைவு. எளிதில் தீப்பற்றாது, ஆதலால் சேமிப்பதில் ஆபத்தும் குறைவு. குறைகளும் உண்டு. அதன் வெப்ப ஆற்றல் கிலோவுக்குக் கிலோ டீசலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. நைட்ரஜன் ஆக்சைடுகள் சற்றுக் கூடுதலாக வெளிவருவது உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அது கெட்டுப்போகிறது! பூமிக்கடியில் பல கோடி ஆண்டுகள் கிடந்த பொருளிலிருந்து வரும் டீசலைப்போல் அது பொறுமையாகக் காத்திருப்பதில்லை.

வதந்தியும் வாய்மூடியும்

எண்ணெய் சிக்கு வாசனை அடிப்பதை அறிவீர்கள். பயோடீசல் கெடுவதும் அதே வினைதான். நிறைவுறாக் கொழுப்பு அமிலச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணு கழன்றால், அந்த இடம் தனி உறுப்பு ஆகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதில் வந்து ஒட்டும். ஒட்டியதும் அது பக்கத்துச் சங்கிலியிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். இப்போது அந்தச் சங்கிலி தனி உறுப்பாகும். இப்படியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும்.

வகுப்பில் ஒரு வதந்தி பரவுவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். "நாளைக்கு லீவாம்!" என்று ஒருவன் சொல்ல, கேட்டவன் அடுத்தவனிடம் சொல்ல, ஐந்து நிமிடத்தில் பள்ளி முழுவதும் பரவிவிடும். இடையில் ஒரு வாய்மூடி மாணவன் இருந்தால்? கேட்டுக்கொள்வான், யாரிடமும் சொல்லமாட்டான். வதந்தி அவனோடு நின்றுவிடும்.

தாவரங்களிலுள்ள பீனால் வகைச் சேர்மங்கள் அத்தகைய வாய்மூடிகள். தனி உறுப்புக்குத் தம் ஹைட்ரஜன் ஒன்றைக் கொடுத்து அதை அடக்கிவிடும். தாம் மாறினாலும் சாதுவாகவே இருக்கும், அடுத்ததைத் தாக்கா. நல்லெண்ணெய் நெடுநாள் கெடாமலிருப்பது அதிலுள்ள செசமால் போன்ற பொருள்களால்தான். பெரும்பாலான தாவர எண்ணெய்களில் டோக்கோஃபெரால் என்னும் வைட்டமின் இ இயற்கையாகவே காவல் இருக்கிறது. சட்டியில் மணிக்கணக்காகக் காயும்போது இந்தக் காவலர்கள் தீர்ந்துபோகிறார்கள். அதனால்தான் கழிவு எண்ணெய்ப் பயோடீசல் விரைவில் கெடுகிறது. தாவரச் சாற்றைச் சேர்ப்பது, சட்டி பறித்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பதாகும்.

கெடுவதை அளக்க ஒரு சோதனை உண்டு. பயோடீசலை 110 டிகிரி செல்சியசில் வைத்து அதனூடே காற்றைச் செலுத்துவார்கள். அது சிதையத் தொடங்கியதும் ஆவியாகும் அமிலங்கள் காற்றோடு வெளியேறித் தூய நீரில் கரையும். நீரின் மின்கடத்தும் திறன் சட்டென்று உயரும். அதுவரை எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதே மதிப்பெண். ஐரோப்பியத் தரப்படி குறைந்தது 8 மணி நேரம் தாங்க வேண்டும். அமெரிக்கத் தரப்படி 3 மணி நேரம். நம் நாட்டில் பயோடீசலுக்கான தரம் ஐ.எஸ். 15607.

எல்லா நோய்க்கும் ஒரே மருந்தா?

இனி என் கருத்துக்கு வருகிறேன். தாவரச் சாறுகளில் பயன் உண்டு. ஆனால் அவை எல்லா நோய்க்கும் மருந்தல்ல.

ஓசூர் வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலையில் அங்கே தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து நிற்கும். கடைகளில் பெரிதும் புழங்கும் பாமாயிலிலிருந்து செய்த பயோடீசலும் 15 டிகிரி அளவில் கலங்கத் தொடங்கும்; வடிகட்டியை அடைக்கும். இதற்கு முருங்கை இலைச் சாறு எதுவும் செய்யாது. சூரியகாந்தி எண்ணெயின் பயோடீசல் குளிரைப் பாமாயிலைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் நிறைவுறா அமிலங்கள் மிகுதி என்பதால் விரைவில் சிக்குப் பிடிக்கும். ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் குறையும் போர்வை இது. டீசலோடு சில சதவீதம் மட்டும் கலக்கும்போது குளிர்த் தொல்லை பெரிதும் மறைந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாகுநிலையைக் குறைக்கத் தைல மரத்து எண்ணெய் போன்ற மெல்லிய தாவர எண்ணெய்களைச் சேர்க்கலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொர்க்க மரத்தின் எண்ணெய் எஸ்டருடன் தைல எண்ணெயைக் கலந்து எஞ்சினில் சோதித்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆனால் தைல எண்ணெயின் சீட்டேன் எண் குறைவு. அதாவது எஞ்சினுக்குள் பற்றிக்கொள்ளத் தாமதமாகும். தனியே அது டீசலுக்கு மாற்றாகாது. கூட்டாளியாகத்தான் உதவும்.

பச்சிலைச் சாற்றிலும் ஒரு பொறி இருக்கிறது. இலையின் பச்சையம் வெளிச்சம் பட்டால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதற்குப் பதிலாகத் தூண்டிவிடும்! மேலும் தாவரப் பீனால்களில் பல நீரிலும் ஆல்கஹாலிலும் கரையுமேயன்றி எண்ணெயில் நன்கு கரைவதில்லை. கரையாதது தொட்டியின் அடியில் வண்டலாகும். ஆலைகளில் செய்யும் டி.பி.எச்.கியூ. போன்ற செயற்கைத் தடுப்பான்களோ சிறிதளவிலேயே வேலை செய்கின்றன. எப்போது வாங்கினாலும் ஒரே தரத்தில் கிடைக்கின்றன. இயற்கைச் சாறு என்பதாலேயே அதற்குச் சலுகை மதிப்பெண் தரக்கூடாது. இரண்டும் ஒரே தேர்வை எழுதட்டும். மூக்கண்டப்பள்ளி லாரியின் எஞ்சினுக்கு இயற்கை, செயற்கை என்ற பாகுபாடு தெரியாது.

கீரை தட்டில் இருக்கட்டும்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முருங்கைக்கீரை இரும்புச் சத்து குறைந்த பிள்ளைகளின் தட்டில் இருக்க வேண்டிய பொருள். அதைப் பறித்து லாரிக்கு ஊட்டுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. உண்ண முடியாததைத் தேடுவதே முறை. கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது. மாம்பழக் கூழ் ஆலைகள் அங்கே ஏராளம். கூழ் டப்பாவில் அடைபடுகிறது. தோலும் கொட்டையும் குவிகின்றன. மாங்கொட்டைப் பருப்பிலும் தோலிலும் பீனால் சேர்மங்கள் மிகுதி. மாங்கொட்டைப் பருப்பின் சாறு எருமை நெய் கெடுவதைத் தடுக்குமா என்றே நம் நாட்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். பஜ்ஜிக் கடையின் கழிவைக் கூழ் ஆலையின் கழிவு காப்பாற்றுமானால் அதைவிடச் சிக்கனம் வேறில்லை. அந்தச் சாறு எண்ணெயில் கரையுமா, செலவு கட்டுமா என்பதை அளந்து பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

அளக்காமல் முடிவு சொன்னால் என்ன ஆகும் என்பதற்குக் காட்டாமணக்கே சாட்சி. 2003-இல் திட்டக் குழுவின் அறிக்கை ஒன்று காட்டாமணக்கை நாடெங்கும் பயிரிட்டு, 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலக்கலாம் என்றது. தமிழ்நாட்டிலும் உழவர்கள் நம்பி நட்டார்கள். தரிசில் தண்ணீரின்றிக் காய்த்துக் குலுங்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது, இலக்கு எட்டப்படவில்லை. குற்றம் செடியுடையதன்று. வயலில் நெடுநாள் சோதிக்குமுன் வாக்குக் கொடுத்தவர்களுடையது.

எனவே கழிவு எண்ணெய்க்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 9 கோடி டன் டீசல் எரிக்கிறது. நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெய் ஏறத்தாழ இரண்டரைக் கோடி டன். அதிலும் பாதிக்கு மேல் இறக்குமதி. பெரும்பகுதியை நாம் உண்டுவிடுகிறோம். பத்தில் ஒரு பங்கு மிஞ்சி, அது முழுவதும் கைக்குக் கிடைத்தாலும் 25 லட்சம் டன்தான். டீசல் தேவையில் 3 சதவீதங்கூட ஆகாது. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்குள் 5 சதவீதம் கலக்க வேண்டும் என்கிறது. கழிவு எண்ணெய் மட்டும் அதற்குப் போதாது.

"அப்படியானால் இவ்வளவு பாடு எதற்கு?" என்று கேட்பீர்கள். இங்கேதான் நான் பலரிடமிருந்து வேறுபடுகிறேன். கழிவு எண்ணெய்ப் பயோடீசலின் முதற்பயன் எரிபொருள் அன்று, உணவுப் பாதுகாப்பு. கறுத்த எண்ணெய்க்கு ஒரு நியாயமான விலை கிடைத்தால்தான் கடைக்காரர் அதைச் சட்டியிலிருந்து எடுப்பார். அறிவுரை மட்டும் சொன்னால் எடுக்கமாட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. விலை கொடுப்பவர் பயோடீசல் ஆலைக்காரர். அவருடைய சரக்கு தொட்டியில் சில மாதங்களில் கெட்டு, எஞ்சினைப் பழுதாக்கினால் வாங்குவோர் விலகுவார்கள். வாங்குவோர் விலகினால் ஆலை எண்ணெய் எடுக்காது. எடுக்காத எண்ணெய் மறுபடியும் சட்டிக்கே திரும்பும். இரவு ஷிப்டு முடிந்து பசியோடு வரும் தொழிலாளியின் தட்டில் விழும். ஆக, சோதனைக் குழாயில் விடும் சில துளிச் சாற்றுக்கும் அந்தத் தட்டுக்கும் தொடர்பு இருக்கிறது. தரத்தில் ஏமாற்றினால் எஞ்சின் மட்டும் பாழாவதில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் ஓர் எச்சரிக்கை. வீட்டிலோ பள்ளியிலோ நீங்களாகப் பயோடீசல் தயாரிக்க முயலாதீர்கள். மெத்தனால் கொடிய நஞ்சு, எளிதில் தீப்பற்றும், அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற விஷச் சாராயத்தில் இருந்தது இந்த மெத்தனால்தான். காரமோ தோலையும் கண்ணையும் அரித்துவிடும்.

ஆபத்தில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். ஒரே அளவான நான்கு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரைக் கொண்டு சிறிது எண்ணெயில் முருங்கைக்கீரையை ஈரம் போகப் பொரித்து, ஆறவைத்து வடிகட்டி இரண்டு புட்டிகளில் ஊற்றுங்கள். அதே எண்ணெயைக் கீரையின்றி அதே நேரம் காய்ச்சி மற்ற இரண்டில் ஊற்றுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை வெயில் படும் இடத்திலும் மற்றொன்றை இருட்டிலும் வையுங்கள். வாரம் ஒரு முறை, எந்தப் புட்டி எது என்று அறியாத நண்பர்கள் ஐவரை முகர்ந்து பார்த்து மதிப்பெண் போடச் சொல்லுங்கள். சுவைக்க வேண்டாம். இரண்டு மாதம் குறித்துவாருங்கள். முருங்கை வென்றாலும் சரி, தோற்றாலும் சரி, கண்டதை அப்படியே எழுதுங்கள். வெயிலில் ஒரு விடையும் இருட்டில் வேறொரு விடையும் கிடைத்தால் வியக்காதீர்கள். ஏனென்று சிந்தியுங்கள்.

இரண்டாவது சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கொஞ்சம் துணிவு போதும். உங்கள் பள்ளி விடுதியில், ஊர்ச் சிற்றுண்டிக் கடையில், அப்பா அம்மா வேலை செய்யும் ஆலைக் கேண்டீனில், "பொரித்த எண்ணெய் பிறகு எங்கே போகிறது?" என்று பணிவாகக் கேளுங்கள். குறை சொல்லும் குரலில் கேட்காதீர்கள். தெரிந்துகொள்ளும் ஆவலில் கேளுங்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். ஒருவராவது, "வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் கொடுத்துவிடுவேனே, தம்பி" என்பார். அந்த விடையை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். அதை ஊர் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு கடிதமாக அனுப்பலாம். எண்ணெய் எந்தக் கடையில் தேங்கிக் கிடக்கிறது என்று தெரிந்தால்தானே அதை எடுத்துச் செல்ல ஒருவர் வருவார்!

பாட்டி கீரையைப் போட்டது நெய் கெடக்கூடாது என்பதற்காக. அது உண்மையில் கெடவில்லையா என்பதை அவர்கள் ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்த்தார்கள். கீரை போடும் பழக்கத்தை ஆய்வுக்கூடங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்வோம்.